ஒரு கட்டுக் கீரை

"ஒரு கட்டுக் கீரை வாங்க இவ்வளவு நேரமா? விதை போட்டு, முளைக்க வெச்சுப் பறிச்சுட்டு வராங்களோ என்னவோ."

லுவா அலுத்துக்கொண்டாள். நூடுல்ஸ் கடை அக்கா சிரித்தபடி, ஆவி பறக்கும் கிண்ணத்தை அவள் முன் வைத்தாள்.

சா டெக் ஊர்ச் சந்தை வாசலில் தினமும் இதே கூத்துதான். விடிந்தும் விடியாததுமாக மாமியார் ஓலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு லுவாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிடுவாள். இறங்கியதும் ஒரே உத்தரவு.

"நீ உள்ள வராதே. உனக்குப் பேரம் பேசத் தெரியாது. இங்கயே ஏதாவது சாப்பிட்டுட்டு இரு."

அப்புறம் ஆளையே காணோம். திரும்பி வரும்போது கையில் அதே ஒரு கட்டுக் கீரை.

"மருமகளா வந்தேனா, டிரைவரா வந்தேனான்னே தெரியல அக்கா. வீட்டுல ஒன்பது பேருக்கு ஆக்கிப் போடற வேலை அப்படியே கிடக்கு. கடமையேன்னு ஓட்டிட்டிருந்தேன். இனிமே முடியாது."

"என்ன செய்யப்போற?"

"தனிக்குடித்தனம். இவர்கிட்ட பேசியாச்சு. 'அம்மாகிட்ட நீயே சொல்லிடு'ன்னு நழுவிட்டாரு. இன்னைக்கே சொல்லிடறேன்."

சொன்ன வேகத்தில் பாதிக் கிண்ணத்தை அப்படியே விட்டு எழுந்தாள். வீட்டில் பேச்செடுத்தால் மாமனார் குறுக்கே வருவார். இங்கே என்றால் பட்டென்று சொல்லிவிடலாம்.

மீன் தொட்டிகளைத் தாண்டிக் கீரை வரிசைக்கு வந்தவள், திகைத்து நின்றாள்.

மாமியார் கீரை மூட்டையில் சாய்ந்து, தொப்பியால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கட்டுக் கீரை.

லுவாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இதுக்குத்தான் என்னை வாசல்ல காக்க வெக்கிறாங்களா?"

"மெல்லப் பேசும்மா," என்றாள் கீரைக்காரி. "நீதான் அந்த மருமகளா?"

"ஆமா. தினமும் இப்படித்தானா?"

"தினமும்தான். வந்த உடனே கீரை வாங்கிடுவா. அப்புறம் முழங்கால் வலிக்குதுன்னு முனகிட்டே இங்க கிடப்பா. 'வீட்டுக்குப் போயேன்டி'ன்னா கேக்க மாட்டா."

"ஏன்?"

"வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு நீ உக்காரும்போது சோறு ஆறிப்போயிடுமாமே. 'நான் எதிர்ல இருந்தா அவ முதல்ல என் கிண்ணத்தைத்தான் ரொப்புவா. மீனைக்கூட எனக்கே எடுத்து வெச்சுடுவா. நம்ம வழக்கம் அப்படி. நான் கண்ணுல படாம இருந்தாத்தான் என் மருமக ஒரு வேளையாவது சூடா, நிதானமாச் சாப்பிடுவா'ன்னு சொல்லுவா."

லுவாவுக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது.

பேச்சுச் சத்தத்தில் மாமியார் விழித்துக்கொண்டாள். மருமகளைப் பார்த்ததும் பதறி எழுந்து, மடியிலிருந்த கீரையைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுக்குள்ள ஏன் வந்துட்ட? இவ விலையைக் குறைக்கவே மாட்டேங்கிறா. அதான் தாமதம். ஏதாவது சொல்லணுமா?"

லுவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க நிதானமாப் பேரம் பேசிட்டு வாங்க. என் கிண்ணத்துல இன்னும் பாதி இருக்கு."