நாகப்பட்டினத்தில் இரண்டு நாள்

‘ஊர் சுற்றிப் பார்க்கத்தான் கூப்பிடுகிறான் என்றால், என் அண்ணா எதற்குப் புடவையோடு வருகிறார்?’

கோதைநாயகி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. காபி டம்ளரை மைத்துனன் யதிராஜன் பக்கம் நகர்த்தி வைத்தாள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தான். வந்ததிலிருந்து பேச்சு ஓயவில்லை.

"எல்லாரும் நாகூர், வேளாங்கண்ணின்னு தாண்டிப் போயிடறா மன்னி. நாகப்பட்டினத்துல இறங்கறவா யாரு? அங்க எவ்வளவு இருக்கு தெரியுமா! சனிக்கிழமை சௌந்தரராஜப் பெருமாளைச் சேவிச்சுட்டு, சாயங்காலம் லைட் ஹவுஸ். மறுநாள் விடியக்காலம் கடற்கரை. கட்டுமரமெல்லாம் கரையேறுமே, திருவிழா மாதிரி இருக்கும்."

"மீன் வாசனைன்னா உனக்குத் தலை சுத்துமே?"

"மூக்கைப் பொத்திண்டு பார்க்கறது!" பெரிதாகச் சிரித்தான். "அதிர்ஷ்டம் இருந்தா பினாங்குக் கப்பல் கூட வந்து நிக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அறுபத்தேழில், அவன் அண்ணா சௌரிராஜன் அந்தக் கப்பலில்தான் ஏறிப் போனான். பினாங்கில் ஓர் அச்சாபீசில் வேலை. மூன்று வருஷம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது.

"புடவை என்ன கலர்?" என்றாள் கோதைநாயகி.

"என்ன மன்னி?"

"எங்கண்ணா நேரா நாகப்பட்டினத்துக்கே வந்துடறார், எனக்குப் புடவை எடுத்துண்டு வரார்னு இப்பத்தானே சொன்னே? தீபாவளியும் இல்லே, பொங்கலும் இல்லே. பொறந்தாத்துப் புடவை வேற எதுக்கு வரும்னு எனக்குத் தெரியாதா?"

யதிராஜன் டம்ளரைக் கீழே வைத்தான். கணவனை இழந்தவளுக்குத்தான் பிறந்த வீட்டார் அப்படிக் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்துவார்கள்.

"பன்னெண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லேன்னா காரியம் பண்ணிடணும்னு சாஸ்திரம் சொல்றது, மன்னி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "தர்ப்பையால ஒரு உருவம் பண்ணி, அதையே அண்ணான்னு நினைச்சுண்டு தகனம் பண்ணணும். அழகிரி வாத்தியார் வந்து நடத்தித் தரேன்னார். அண்ணா ஏறிப் போன கரையிலேயே வெச்சுக்கலாம்னு நான்தான் சொன்னேன். இந்தத் தெருவுல, தெரிஞ்சவா நடுவுல, உங்களுக்கு அது நடக்க வேண்டாம்னுதான். ரெண்டு நாள் வெளியூர் பார்த்த மாதிரியும் இருக்கும்..."

"திருமாங்கல்யத்தைக் கழட்டறதுக்கு முன்னால லைட் ஹவுஸா, பின்னாலயா?"

அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது. கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அரை நிஜாரோடு அவள் பின்னாலேயே சுற்றியவன். இன்றைக்கு, அவளுக்கு வலிக்கக்கூடாதென்று கோயிலையும் கடலையும் தேடிப் பிடித்து வந்திருக்கிறான்.

"தங்கை வல்லிக்கு ஒரு வரனும் தகையலே" என்றான். "முடிக்காத காரியம் குடும்பத்துல தடையா நிக்கறதுங்கறா. அதை விடுங்கோ, அது என் கவலை. ஆனா அண்ணா என் சொப்பனத்துல வரான் மன்னி. தண்ணி குடுடாங்கறான். ஒருவேளை அவன் போயிட்டான்னா... ஒரு கை எள்ளும் தண்ணியும் இல்லாம எத்தனை வருஷமா அலையறானோ!"

கோதைநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமாவாசைகளில் அம்மாமண்டபப் படித்துறைப் பக்கமே அவள் போவதில்லை. யாராவது காவிரியில் எள்ளும் தண்ணீரும் விடுவதைக் கண்டால் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புருஷன் வருவான் என்று எவ்வளவு நம்பிக்கை, பார் என்று தெருவே மெச்சிக்கொண்டது. எதிர்வீட்டுப் பெண்கள் சுமங்கலிப் பிரார்த்தனைக்கு அவளை முதல் ஆளாக அழைத்தார்கள்.

"அண்ணா உசிரோட இருக்கான்னே இன்னும் நினைக்கறேளா?" என்றான் யதிராஜன். "அப்படித்தான்னா சொல்லுங்கோ. நான் வாத்தியாரை வரவேண்டாம்னு சொல்லிடறேன். நீங்க நம்பறவரைக்கும் என் கையால அந்த நெருப்பை வைக்க மாட்டேன்."

"இரு. முகம் அலம்பிண்டு வரேன்."

உள்ளறையில் கதவை ஒருக்களித்துவிட்டு, மூடியில் முகக்கண்ணாடி பதித்த மரப்பெட்டியைத் திறந்தாள். குங்குமச் சிமிழை எடுத்தாள். நெற்றியில் கலைந்திருந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாக, கொஞ்சம் பெரிதாகவே, வைத்துக்கொண்டாள். சிமிழைத் திரும்ப வைக்கும்போது, பெட்டியின் அடியில் விரித்த தாளுக்குக் கீழே இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். தினமும் தொடுவதுதான்.

கூடத்தில் யதிராஜன் எழுந்து நின்றிருந்தான்.

"சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரேளா மன்னி?"

பெட்டியின் அடியில் இருந்தது பினாங்கிலிருந்து, சௌரிராஜனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜெகபர் சாதிக் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிய கடிதம்: ‘காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார், அம்மா. கடைசியாகத் தண்ணீர் கேட்டார்.’ அது வந்த அன்று, பக்கத்து வீட்டு வளைகாப்புக்காகத் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"நான் வரலே, யதிராஜா. வாத்தியாரை வரவேண்டாம்னு சொல்லிடு" என்றாள்.