நிறைந்த இலை

"மறுபடியும் நின்னு போச்சுங்களா அம்மணி?"

கண்ணாடிக் கதவைத் திறந்து மில் தொழிலாளி மயில்சாமி எட்டிப் பார்த்தார். வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் நிற்கும்போதெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடுகிறார் இந்த ஆள்!

புதுச்சத்திரம் பக்கத்து நூல் மில்லுக்கு 1988இல்தான் அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. நூல் சுற்றும் கதிரான ஸ்பிண்டில் பத்து என்றால் அவள் சி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடும். நாலாயிரம் என்றால் கல்லுப் பிள்ளையார்தான். இன்று பதினொரு மணிக்குள் ஓடாவிட்டால் மெஷினையும் அவளையும் சேர்த்தே திருப்பி அனுப்புவதாக முதலாளி செங்கோட்டையன் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, நின்னா உங்களுக்குச் சந்தோசமா?"

"அட, அதுக்கில்லீங்க. எதுக்கு நிக்குது?"

சொல்லித் தொலைப்போம் என்று சொன்னாள். "தாய் புரோகிராம் ஒண்ணு, அது பிள்ளை புரோகிராம் ஒண்ணை ஏவும். எந்த ஸ்பிண்டில்ல இழை அறுந்துதுன்னு பிள்ளை ஒரு குழாய் வழியா எழுதும். பிள்ளை வேலையை முடிக்கற வரைக்கும் தாய் காத்திருந்து, அப்புறம் படிக்கும்."

"குழாய் எத்தனை புடிக்குமுங்க?"

"கொஞ்சந்தான்."

மயில்சாமி சற்று யோசித்தார். "இது ஓடுனா, அறுந்ததை எல்லாம் இதே சொல்லிப்போடுமுங்களா? ஆளு நடந்து பாக்க வேண்டாமா?"

"வேண்டாங்க."

கதவுக்கு வெளியே வரிசையாக நின்ற ஸ்பிண்டில்களை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நம்ம பந்தியில, எல்லாம் பரிமாறி முடியாம இலையில கை வெக்க மாட்டோமில்லீங்க? இலை நிறைஞ்சுட்டா பரிமாறறவன் வாளியோட நிப்பான். வாளி காலியாவட்டும்னு திங்கறவன் உக்காந்திருப்பான். ரெண்டு பேரும் நல்லவங்கதான், சோறுதான் நகராது. வர வரத் திங்கச் சொல்லுங்க அம்மணி!"

வசந்தாமணி திகைத்துப்போனாள். இலைதான் குழாய், பரிமாறுகிறவன் பிள்ளை, காத்திருக்கிறவன் தாய்! அவளும் அதே பந்தியில் வளர்ந்தவள்தானே! படிக்கும் வரியை மேலே ஏற்றினாள். காத்திருக்கும் வரியைக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான்.

அம்மாடி! திரையில் மடை திறந்தது. நாலாயிரம் ஸ்பிண்டிலின் கணக்கும் ஒரே நிமிஷத்தில் ஓடி முடிந்தது. மூன்று வாரமாக முட்டிக்கொண்டது இந்த இரண்டு வரிக்காகவா?

பதினொரு மணிக்கு வந்த செங்கோட்டையன் குனிந்து திரையைப் பார்த்தார். மயில்சாமி, சாமியைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடேங்கப்பா!" என்றார் முதலாளி. "இத்தனை நாளா சுத்திச் சுத்தி நடந்து, அறுந்த இழையைக் குறிச்சுட்டு வந்த ஆளு ஆருப்பா? இனி அந்த ஆளு வேண்டாம்."

கும்பிட்ட கையை இறக்காமலே மயில்சாமி சொன்னார்:

"நானுங்க."