தோற்க விடுங்கள்

"இன்னிக்காவது தோத்துடுவோமா, வக்கீலம்மா?"

நீதிமன்றத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மெக்கானிக்கின் மனைவி இப்படிக் கேட்டதும், பக்கத்திலிருந்த யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்தார். பாவம், கவலையில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அவள் மூளை தெளிவாகத்தான் இருந்தது. புருஷனுக்குத் தொழிலாளர் சங்கத்தில் கொஞ்சம் வாய் நீளம். லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, சின்ன விசாரணை, உடனே அனுப்பிவிடுகிறோம் என்று போலீஸ் கூட்டிப் போனது. போனவர் போனவர்தான். கேட்டால், அப்படி ஒரு ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டிலும் தோல்வி, மேல்கோர்ட்டிலும் தோல்வி.

சரி, வெளிநாட்டில் இருக்கிற மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம் என்றால், அவர்களுக்கு ஒரு விதி. உங்கள் நாட்டில் இருக்கிற கதவையெல்லாம் தட்டுங்கள், அத்தனையும் சாத்தின பிறகு எங்களிடம் வாருங்கள் என்கிறார்கள். மிச்சம் இருந்தது இந்த உச்ச நீதிமன்றம் ஒன்றுதான். இந்தக் கதவோ திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. அரசு வக்கீல் ஒவ்வொரு தடவையும் குழைவாக எழுந்து வாய்தா வாங்கிக்கொண்டு போய்விடுவார். வழக்கு இங்கே இழுத்துக்கொண்டு கிடக்கிறவரை அங்கே போகமுடியாது என்பது அவருக்கு அத்துப்படி.

அதனால்தான், வருஷக்கணக்காக ஜெயிக்கணும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் இப்போது தோற்கணும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். கடவுளுக்கே தலை சுற்றியிருக்கும்.

கூட வந்திருந்த கொழுந்தன் ஒரு படி மேலே போய், அண்ணிக்குத் தடியாக ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்திருந்தான். அந்த ஊரில் பயங்கரக் குளிராமே என்றான். அங்கே யாரும் நேரில் போக வேண்டியதில்லை, மனு மட்டும்தான் போகும் என்று வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார்.

"காகிதத்துக்குக் குளிராது, தம்பி. நீங்களே போட்டுக்குங்க."

வழக்கைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா எழுந்து, எங்கள் மனுவைத் தயவுசெய்து இன்றைக்கே தள்ளுபடி செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மனு போட்டவரே இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார்.

"ஆட்சேபிக்கிறேன் ஐயா. மனுவில நியாயம் இருக்கு. தள்ளுபடி பண்ணவே கூடாது."

இத்தனை வருஷமாக, மனுவில் துளியும் உண்மையில்லை என்று சாதித்த அதே வாய். பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமல் மாதிரி சமாளித்தார். அப்படியானால் பதில் என்ன என்று நீதிபதி கேட்டார். அவகாசம் வேண்டும் என்றார் அரசு வக்கீல். கொடுத்ததெல்லாம் போதும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு உத்தரவு போட்டுவிடுகிறேன் என்று நீதிபதி எழுந்துவிட்டார்.

இடைவேளை முழுக்க அரசு வக்கீல் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். டிபன் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. அவளுக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுபடி எல்லோரும் உள்ளே போனார்கள். நீதிபதி பேனாவைத் திறந்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புருஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று, எந்த நாட்டுக்காரராவது இவர்களைக் கேட்டுச் சொன்னால் போதும் என்றிருந்தது. தோற்கணும், தோற்கணும் என்று உதடு மட்டும் அசைந்தது.

"கொஞ்சம் பொறுங்க ஐயா," என்றது அரசு வக்கீலின் குரல். "தள்ளுபடி பண்ண வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாடு வரைக்கும் போவானேன்? அந்த அம்மாவுக்கு இங்கேயே பரிகாரம் கிடைச்சாச்சு."

கதவு திறக்கிற சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், தாடியும் மீசையுமாக, பாதி உடம்பாய், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவர்கள் பார்த்ததே இல்லை என்று சத்தியம் பண்ணிய மெக்கானிக் உள்ளே வந்துகொண்டிருந்தார்.