மேட்டுல கேளு

சிவப்புக் கார் ஒன்றின் டேங்குக்குள் ஒரு சின்ன பம்ப் இருந்தாள். இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புவது அவள் வேலை. ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

மெக்கானிக் காசிலிங்கம் காருக்குப் பெரிய டர்போவை மாட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கினார். டர்போ இன்ஜினுக்குள் காற்றை அள்ளி அள்ளித் திணித்தான். மலைப்பாதையில் இன்ஜினுக்கு மூச்சு முட்டியது.

"ஏம்மா, காத்து இவ்வளவு வருது, பெட்ரோல் பத்தலையே. வெந்துடுவேன் போலிருக்கு."

"வடிகட்டி அடைச்சிருக்கும்ணே," என்றாள் பம்ப். முடியவில்லை என்று சொன்னால் கழற்றி எறிந்துவிடுவார்களே.

வடிகட்டியை மாற்றினார்கள். அடுத்த மேட்டிலும் பம்ப் முனகினாள், இன்ஜின் டக்டக்கென்று இருமினார்.

காசிலிங்கம் பட்டறையில் பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரைச் செருகினார்.

"அழுத்தம் சரியாத்தானே இருக்கு?" என்றது மீட்டர்.

பம்ப் அப்படியே தப்பித்திருக்கலாம். இன்ஜினின் இருமல் மனசை விட்டுப் போகவில்லை.

"நிக்கிறப்போ கேட்டா எல்லாரும் நல்லாத்தான் இருப்போம். மேட்டுல கேளு."

மீட்டரைக் கழற்றாமலே காசிலிங்கம் காரை மேட்டில் ஏற்றினார். மீட்டரின் முள் படுத்துவிட்டது.

சாயங்காலம் டேங்கைத் திறந்தார்கள். பம்ப் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்பேனர் அவளைக் கழற்றவில்லை. பக்கத்தில் இன்னொரு பம்ப் வந்து இறங்கினாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா. சமதரையில நீங்க பாருங்க, மேடு வந்தா ஒரு குரல் குடுங்க."

மறுநாள் மேடு வந்தது.

"வாடி, ஒரு கை புடி," என்றாள் பம்ப், வாழ்நாளில் முதல்முறையாக.

"என்னம்மா, இன்னிக்கு உன் முனகலே கேக்கலையே?" என்றார் இன்ஜின், ஏறிக்கொண்டே.

"பேசிக்கிட்டே வேலை பாக்குறோம்ணே."