தாமதத்துக்கு மன்னிப்பு

1948. அரியலூரில் அப்பாவின் வாயில் கடைசிப் பால் ஊற்ற நான் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

“மெட்ராஸ்ல விமானம் அஞ்சு மணி நேரம் லேட்டு” என்று அழுதேன்.

“வாசலையே பாத்துக்கிட்டு கண்ண மூடினாருப்பா” என்றாள் அம்மா.

வக்கீல் மாமா கொதித்தார். “டிக்கெட் வாங்குனவனுக்கு உரிமை இல்லியா? கம்பெனிக்கு நோட்டீஸ் விடுறேன்.”

“வேணாம் மாமா.”

அவர் கேட்கவில்லை. பதினாறாம் நாள் பதில் வந்தது. வாசித்தவர் முகம் கறுத்தது. என்னிடம் நீட்டினார்.

‘தாமதம் கால் மணி நேரமே. ஏணிவரை வந்து, ஏறப் பயந்து திரும்பிப்போன தங்கள் மருமகனுக்காகவே காத்திருந்தோம்.’

“என்ன எழுதியிருக்கான்?” என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்க்கவில்லை. “தப்புதான்னு மன்னிப்புக் கேட்டிருக்காங்கக்கா.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“பாவம். மன்னிச்சிட்டேன்னு உன் கையாலயே எழுதிப் போடுய்யா.”