பச்சைப் பாதையில் இடையூறு

ஒரு நகரத்தில் சைக்கிள்களுக்கென்று பச்சை வண்ணம் அடித்துத் தனிப் பாதை போட்டார்கள். அதில் ஒரு வெள்ளைக் கார் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

பின்னால் ஒரு சைக்கிள் வந்து, விலகிப் போக வழியில்லாமல் நின்றது. அதை ஓட்டி வந்த செண்பகவல்லி இன்னும் பத்து நிமிடத்தில் தேர்வு மையத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு, கார்க்காரரைத் தேடி எதிர் ஹோட்டலுக்குள் ஓடினாள்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க," என்றது சைக்கிள்.

"ரெண்டே நிமிஷம் தம்பி. விளக்குப் போட்டிருக்கேன்ல?"

"எப்பலேருந்து?"

"காலையில ஏழு மணியிலேருந்து. ஒரு நொடிகூட அணைச்சதில்ல."

"கீழ சைக்கிள் படம் வரைஞ்சிருக்காங்கண்ணே."

"தெரியும். வெயில்ல அழிஞ்சிடக் கூடாதுன்னுதான் அது மேலயே நிக்கிறேன்."

அப்போது, இடையூறாக நிற்கும் வண்டிகளைத் தூக்கிப்போகும் லாரி வந்தது.

"நல்ல வேளை, வந்தீங்க!" என்றது சைக்கிள்.

லாரி காரைச் சுற்றிவந்து பார்த்தது. எடை அதிகம்தான். "சார் விளக்குப் போட்டுட்டுப் போயிருக்கார், வந்துடுவார்," என்றது. பிறகு சைக்கிளிடம் திரும்பியது. "உன் விளக்கு எங்கே?"

"எனக்கு விளக்கே கிடையாதுங்க."

"ஆளும் இல்ல, விளக்கும் இல்ல. நடுப் பாதையில நிக்கிறியா?" என்று கொக்கியை மாட்டியது.

செண்பகவல்லி வெளியே வந்தபோது சைக்கிள் தெருமுனையில் தொங்கிக்கொண்டு போனது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தேர்வு மையத்தை நோக்கி ஓடினாள்.

"அப்பாடா," என்றது கார். "இப்பதான் பாதை காலியாச்சு."