வழக்கு எதுவும் இல்லை

"பாஸ்போர்ட் நகல் எங்கே?" என்று, வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்களுக்கு முத்திரை போடும் அலுவலகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் கேட்டார்.

மகன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பையைத் துழாவினாள். வேலை ஒப்பந்தம் இருந்தது. புகைப்படங்கள் இருந்தன. அவன்மீது வழக்கு எதுவும் இல்லை என்று காவல்துறை கொடுத்த சான்றிதழ், நோட்டரி முத்திரையும் உள்துறை முத்திரையும் வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

நகல் மட்டும் இல்லை.

"பரவாயில்ல, கீழேயே கடை இருக்கு..." அலுவலர் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவின் கன்னத்தில் மகனின் அறை விழுந்தது.

ஏதோ கோப்பு தரையில் விழுந்த சத்தம் என்றுதான் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

அடுத்த அடி காதோடு சேர்த்து விழுந்தது. அவள் தலை கவுன்டரின் இரும்பு விளிம்பில் மோதியது. சரிந்தவளைக் கொண்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சான்னு காலையில கேட்டேனா இல்லையா?"

கேட்டுக்கொண்டே மறுபடி தரையில் தள்ளினான். குரலை உயர்த்தவில்லை. முகம்கூடச் சிவக்கவில்லை. வீட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அடிப்பவனைப் போல, அத்தனை பேர் நடுவில், நிதானமாக அடித்தான்.

அவள் கத்தவில்லை. பையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டுகொண்டாள். விலாவில் உதைத்தான். பை கசங்காதபடி உடம்பைத் திருப்பி முதுகைக் கொடுத்தாள். அங்கேயும் உதைத்தான்.

வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடிவந்து அவன் கையைப் பின்னால் முறுக்கி, முகத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்தார். பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். உதடு கிழிந்து சுவரில் ரத்தம் இழுபட்டது. சீருடையைப் பார்த்ததும் அவன் உடம்பு துவண்டுவிட்டது. ஆள் பார்த்துத்தான் நீளும் கை போலிருக்கிறது.

வரிசையில் நின்ற பெண் ஒருத்தி அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தாள். அம்மா உள்ளங்கையில் துப்பினாள். பல் ஒன்று வந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா," என்றார் போலீஸ்காரர். அவருக்கு மூச்சு வாங்கியது. "இப்பவே புகார் எழுதிக்கறேன். இவன் வெளிநாடு இல்ல, வெளி கேட்டையே தாண்ட மாட்டான்."

மகன் சுவரோடு ஒட்டியபடி, ஒற்றைக் கண்ணால் அம்மாவைப் பார்த்தான்.

"அவன் அடிக்கலைங்க," என்றாள் அவள். உதடு வீங்கியதில் சொற்கள் குழைந்தன. "தலை சுத்துச்சு. நானாத்தான் விழுந்தேன்."

"நாங்க எல்லாரும் பாத்தோமேம்மா."

"எம்புள்ள எம்மேல கை வச்சதே இல்ல சார்."

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "தாயாச்சே," என்று ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர் பிடியைத் தளர்த்தினார். பிறகு மகனின் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவி, கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளியில் தள்ளினார். "இந்த அம்மா முகத்துக்காக விடறேன்," என்று சொல்லி, அவன் காலரைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

அம்மா கையைப் புடவையில் அழுந்தத் துடைத்தாள். விரலிடுக்கில் ரத்தம் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் சான்றிதழை உறையிலிருந்து எடுத்து உள்ளே நீட்டினாள்.

அலுவலர் தானே எழுந்துபோய் உள்ளே இருந்த இயந்திரத்தில் நகல் எடுத்து வந்தார். சான்றிதழை விரித்துவைத்து முத்திரையை எடுத்தவர், அதை மறுபடி மேசையிலேயே வைத்தார்.

"போடுங்க சார்," என்றாள் அவள். "இதான் கடைசி முத்திரைன்னு சொன்னாங்க."

"கீழ இருக்கற கையெழுத்து நிஜம்னு சொல்லத்தாம்மா இந்த முத்திரை. ஆள் எப்படின்னு சொல்ல இல்ல," என்றார் அலுவலர், தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு முத்திரையை அழுத்தினார். மை காயட்டும் என்று காகிதத்தை லேசாக விசிறி, அவள் பக்கம் நகர்த்தினார்.

"அழாதீங்கம்மா."

அவள் அழவில்லை. புருவத்திலிருந்து ரத்தம்தான் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம்தானே? கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள உங்க பையன் திரும்பி வந்துருவார்."

காகிதத்தை மடிக்கப்போன அவள் கை நின்றது. உதை வாங்கியபோது இல்லாத பயம் இப்போது முகத்தில் வந்தது.

படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, கண்ணாடியில் பேசுவதற்காக விட்டிருந்த ஓட்டையருகே வாயை வைத்துக் குனிந்தாள்.

"அவன் அடிச்சதுல மருமக தாடை ஒடைஞ்சு வீட்டுல கெடக்கா சார். குழல் வச்சுப் பால் குடிக்கறா. ஸ்டேஷனுக்குப் போனா, சமாதானம் பேசி அன்னைக்கே எங்ககூட அனுப்பிவச்சிடறாங்க. ஒரு நாள்கூட அவனை உள்ள வச்சதில்ல. இந்தக் காகிதம்தான் அவனைக் கூட்டிட்டுப் போகும்னு இருக்கோம்."

அலுவலர் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"அவன் அங்கேயே இருந்துடறதுக்கு என்ன காகிதம் சார் வேணும்? எந்த ஆபீஸ்னு மட்டும் சொல்லுங்க. நான் அலைஞ்சு வாங்கிடுவேன்."